ஐம்பது கிலோமீட்டர் சாமி

வாய் செய்கிற பாவத்துக்குக் கால்தான் தண்டனை அனுபவிக்கும். எனக்குக் கிடைத்தது ஐம்பது கிலோமீட்டர் தண்டனை.

முருகேசன் மச்சான் என் மனைவி செல்வியின் அண்ணன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கிறார். சிற்றாற்றங்கரையிலேயே ஊர் ஊராகச் சுற்றி, குற்றாலத்தைத் தொட்டுவிட்டுத் தென்காசிக்குத் திரும்புகிற ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதாக ஒரு கல்யாணப் பந்தியில் அவரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கியபடி, "மாப்ள, பஸ்ஸப் பிடிக்கவே ஓட மாட்டீரு. அம்பது கிலோமீட்டரா ஓடப் போறீரு?" என்றார். பந்தியே சிரித்தது. (பரிமாறியவர்கூட. அந்தச் சிரிப்பில் எனக்கு ரசமே வரவில்லை.) எப்படியாவது ஓடி முடித்து அந்த வாயை மூட வேண்டும், எனக்கு வேறு லட்சியமே கிடையாது.

மார்கழி விடியற்காலை. கறுப்பு டி-ஷர்ட், கறுப்பு டவுசர், ஒரு மாதத் தாடியுடன் கிளம்பினேன். (ஓட்டக்காரனுக்குத் தாடி அழகு என்று நானே முடிவு செய்திருந்தேன்.) செல்வி என் போனை நனையாத பையில் போட்டு இடுப்பில் கட்டிவிட்டாள். நான் எங்கே இருக்கிறேன் என்பது அவள் போன் மேப்பில் தெரியும். "வழியில விழுந்து கெடந்தா தூக்க வரணும்லா" என்றாள். அவ்வளவு நம்பிக்கை.

பனியில் முப்பது கிலோமீட்டர் நிஜமாகவே ஓடினேன், சத்தியம். குற்றாலத்தில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சரியாகும் என்று எங்கோ படித்திருந்ததால், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மெயினருவியில் தலையைக் கொடுத்தேன். சபரிமலை சீசன். என்னைச் சுற்றிக் கறுப்பு வேட்டியும் தாடியுமாக ஐயப்ப சாமிகள். நொண்டிக்கொண்டு வெளியே வந்ததும், அவர்களின் குருசாமி என் நெற்றியில் திருநீறு பூசி, "கால் வலிக்குதா சாமி? நம்ம வேன்ல ஏறிக் காலை நீட்டுங்க சாமி" என்றார். என்ன மரியாதையான மனுஷர் என்று நெகிழ்ந்துபோய்ப் பின்சீட்டில் படுத்தேன். ஐந்தே நிமிஷம் என்றுதான் நினைத்தேன்.

போன் அடித்துத்தான் விழித்தேன்.

"மாப்ள!" முருகேசன் மச்சான்தான். "என்ன ஓட்டம்வே ஓடுதீரு! மேப்புல புள்ளி பறக்குது. ஒம்மத் தப்பா நெனச்சிட்டேன், மனசுல வச்சுக்கிடாதேயும். பத்தாயிரம் வாலா வெடி வாங்கி வச்சிருக்கேன், சீக்கிரம் வாரும்!"

ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. கல்யாணமாகி அன்றுதான் மச்சான் என்னிடம் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்கிறார். உண்மையைச் சொல்ல மனசு வருமா? "ஏதோ... நம்மாலானது... மச்சான்" என்று மூச்சு வாங்கியும் காட்டினேன். (ஆமாம், இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.)

அந்தப் பக்கம் செல்வி மச்சானிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "ஏங்க, செங்கோட்டையும் தாண்டிப் புளியரைக்கு எதுக்குப் போறிய?"

நான் வாயைத் திறப்பதற்குள் வேன் கேரள எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டியது. பதினைந்து பேரும் ஒரே குரலில், "சாமியே சரணம் ஐயப்பா!" என்றார்கள். செல்வி போனை வைத்துவிட்டாள்.

குருசாமி அப்போதுதான் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க எந்த ஊரு சாமி?"

"தென்காசி."

"நாங்க சேலம், சாமி."

ஆரியங்காவில் இறக்கிவிட்டு, கையில் ஒரு பொட்டலம் புளியோதரையும் கொடுத்தார்கள். ஷூ குற்றாலத்தோடு போயிற்று. வெறுங்காலும் நெற்றி நிறையத் திருநீறுமாகத் தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரே குடும்பமே நின்றது. "வாங்குனத வீணாக்கக் கூடாதுலா" என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே மச்சான் வெடியைக் கொளுத்தினார். கேட்ட மன்னிப்பை அன்று சாயங்காலமே திரும்ப எடுத்துக்கொண்டார்.

இன்றைக்கும், அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது தெருமுனைக்குப் பால் வாங்கக்கூட நான் நிம்மதியாகப் போக முடியாது. வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்:

"ஏட்டி செல்வி, தெருவுல வேன் எதுவும் நிக்குதான்னு பாத்துட்டு மாப்பிள்ளைய அனுப்பு!"