ஜெர்ஸி துவைப்பது யார்?

வாஷிங் மெஷினின் வட்டக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியாமல் எகோன் அதன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹோல்சன்பாக் கால்பந்து கிளப்பின் தலைவர். பிழைப்புக்குத் தபால் வேன் ஓட்டுபவர். பனி உறைந்த மலைச்சாலையில் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவதாகப் பீற்றிக்கொள்ளும் மனிதருக்கு இந்தச் சின்னக் கதவு தண்ணி காட்டியது.

"ட்ராவ்டி! இது பூட்டிக்கிட்டிருக்கு!"

"பூட்டல. பிடிச்சு இழு," என்று கூடத்திலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. ஆள் வரவில்லை. அவள் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொஞ்சம் வந்து பாத்தா என்ன?"

"எனக்கென்ன தெரியும்? நம்ம கிளப்புல துவைக்கறது ஆம்பளைங்கதானாமே. நீதான போன்ல சொன்னே?"

எல்லாம் அந்த போனால் வந்த வினை. ஐந்து நாட்டுக் கால்பந்து அமைப்புகள் கைகோத்து ஒரு திட்டம் தொடங்கியிருந்தன. ஆணும் பெண்ணும் சமமாக நடத்தப்படுகிற, புதிதாகக் குடிவந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிற சின்ன கிளப்புகளைத் தேடிப் பிடித்து உதவுவது என்று ஏற்பாடு. தேர்வானால் பெண்கள் அணிக்கு உடைமாற்றும் அறையும் ஷவரும் கட்டித் தருவார்கள். நார்வேயிலிருந்து ராக்ன்ஹில்ட் என்ற அம்மாள் பேசினார். அவர் கேட்டதற்கெல்லாம் எகோன் கணீரென்று பதில் சொன்னார். கடைசியில் அந்த அம்மாள், "உங்கள் கிளப்பில் ஜெர்ஸிகளைத் துவைப்பது யார்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

இது பொறி என்று எகோனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் நேராக அதில் போய் விழுந்தார்.

"ஆம்பளைங்கதான்!"

"அட, அருமை! சனிக்கிழமை வரும்போது முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்."

உண்மையில் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அழுக்கு மூட்டை முறைவைத்து ஒரு வீட்டு அம்மாளிடம் போகும். திங்கள் சாயங்காலம் அவள் அதைக் கசாப்புக் கடைக்காரர் ரூப்பெர்ட்டின் வீட்டுக்கு எடுத்துப்போவாள். ஏப்ரன் துவைக்கிற பெரிய மெஷின் அங்கேதான் இருந்தது. ஒத்தாசைக்கு மற்றப் பெண்களும் போவார்கள். ட்ராவ்டி வீடு திரும்பும்போது, "அப்பாடா, இடுப்பே போச்சு," என்று நாற்காலியில் சாய்வாள். எகோனுக்குப் பாவமாக இருக்கும். பாவப்படுவதோடு சரி.

ஆனால் அந்த அறை அவருக்கு வேண்டும். பெண்கள் அணி இப்போது உடை மாற்றுவது கேன்டீனுக்குப் பின்னால் பீர் பீப்பாய்களும் உருளைக்கிழங்கு மூட்டைகளும் கிடக்கும் கிடங்கில். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தொலைதூர ஹெராத் நகரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ரோயா, அணியின் சிறந்த ஆட்டக்காரி, அந்தக் கிடங்குக்குள் காலே வைப்பதில்லை. வீட்டிலேயே ஜெர்ஸி போட்டு, மேலே கோட் மாட்டிக்கொண்டு வந்து, ஆடி முடித்ததும் வியர்வையோடு அதே கோட்டில் குளிரில் நடந்து போவாள். எகோனின் மகள் லியோனிதான் கோல்கீப்பர். அவள் சொல்லிவிட்டாள்: "அப்பா, வசந்தம் வரைக்கும்தான் பொறுப்போம். அப்புறம் எல்லாரும் பக்கத்து ஊர் கிளப்புக்குப் போயிடுவோம்."

அதனால்தான் இந்த வாரம் அழுக்கு மூட்டையை யாரிடமும் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் எகோன் மண்டி போட்டிருந்தார். சொன்ன பொய்யைச் சனிக்கிழமைக்குள் உண்மையாக்கிவிடுவது என்று முடிவு.

"ரூப்பெர்ட் வீட்டுக்கே கொண்டு போயேன். மெஷின் பெரிசு," என்றாள் ட்ராவ்டி.

"அவன் முன்னாடியா? என் மானம் என்னாவறது?"

ரூப்பெர்ட் ஆண்கள் அணியின் தடுப்பாட்டக்காரன். கதவு அகலத்துக்குத் தோள். துவைக்கிற விஷயம் கேன்டீனில் அடிபட்டபோது மேஜையைத் தட்டிச் சிரித்தவன் அவன்தான். "ஏன் தலைவரே, நாளைக்கு ஏப்ரன் கட்டிக்கிட்டு வருவியா?" என்று கேட்டான். வாழ்நாள் முழுக்க ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பவன் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள். அவன் தோள் அகலத்துக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஒருவழியாகக் கதவு திறந்தது. எகோன் மூட்டையைத் தூக்கித் தரையில் தொப்பென்று போட்டார். உள்ளே சிலீர் என்று ஏதோ உடைந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. விருந்தாளிகளுக்குப் பரிசாகக் கொடுக்க வாங்கிய பூசணி விதை எண்ணெய் பாட்டிலை, வேன் குலுக்கலில் உடைந்துவிடக் கூடாதே என்று, மெத்தென்று இருக்கட்டுமென ஜெர்ஸிகளுக்கு நடுவில் வைத்திருந்தார். அவர்கள் ஊர்ப்பக்கமான ஸ்டைரியாவில் சாலட், சூப், முட்டை எல்லாவற்றின் மேலும் ஊற்றுகிற அதே எண்ணெய். கரும்பச்சை நிறம். ஜெர்ஸிகளோ வெள்ளை. பெண்கள் அணிக்கு இருப்பது அந்த ஒரே செட்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல!" என்றார் எகோன். வாழ்க்கையில் பெரிய கேடெல்லாம் இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது.

கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு ஜெர்ஸிகளை மெஷினில் திணித்தார். பிசுக்கென்றால் சூடு வேண்டும் என்பது அவர் கணக்கு. திருகியைக் கடைசி வரை திருகினார். தொண்ணூறு டிகிரி. முடிந்து கதவைத் திறந்தபோது ஆவி அடித்தது. பச்சைக் கறை அப்படியே இருந்தது. போயிருந்தது முதுகில் ஒட்டிய எண்கள்தான். எட்டாம் எண் பாதி உரிந்து மூன்றாகியிருந்தது. ஒன்றாம் எண் மெஷினின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

லியோனி பள்ளியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா! என்ன பண்ணி வச்சிருக்கே?"

"துவைச்சிருக்கேன், கண்ணு."

"இது துவைச்சதா? யாராச்சும் அடிச்சுப் போட்டது மாதிரி இருக்கு."

எகோன் அசரவில்லை. வினிகர் கறை எடுக்கும் என்று எங்கோ கேட்ட நினைவு. தொட்டியில் மூன்று பாட்டில் வினிகரைக் கொட்டி ஜெர்ஸிகளை ஊறப் போட்டார். வீடு முழுக்க நெடி. கறை இன்னும் கொஞ்சம் பரவியது.

லியோனி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "எண்ணெய் ஊத்தியாச்சு. வினிகரும் ஊத்தியாச்சு. இனி இலை மட்டும்தான் பாக்கி, சாலட் ரெடி."

"சிரிக்காத. போய் அம்மாகிட்ட மெதுவாக் கேளு."

லியோனி போய்விட்டு வந்தாள். "அம்மா கேக் பண்றாங்களாம். துவைக்கறது ஆம்பளைங்க வேலையாம்."

வேறு வழியில்லாமல் எகோன் கசாப்புக் கடைக்கு போன் போட்டார். ரூப்பெர்ட்டின் மனைவி ஹெர்மினெ எடுப்பாள், நைசாகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். எடுத்தது ரூப்பெர்ட்.

"ரூப்பெர்ட்டா? ஒண்ணுமில்ல, நம்ம வீட்டு மேஜைத் துணி... அதுல பூசணி எண்ணெய் கொட்டிடுச்சு. ஹெர்மினெகிட்ட கேட்டுச் சொல்றியா?"

"கொட்டினதும் என்ன பண்ணீங்க?"

"தொண்ணூறு டிகிரில போட்டேன். அதாவது, ட்ராவ்டி போட்டா."

அந்தப் பக்கம் கத்தி ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"தொண்ணூறா! அடப்பாவி, கொலையில்ல பண்ணியிருக்கே! துணி என்னத்துக்கு ஆவும்?" என்று கத்தியவன், சட்டென்று இருமினான். "அப்படின்னு ஹெர்மினெ சொல்லுவா. இப்ப எங்க காயப் போட்டிருக்கே?"

"நிலவறையில. அக்கம்பக்கத்துல பாத்துடப் போறாங்கன்னு..."

"நிலவறையா? யோவ், முதல்ல எடுத்துட்டுப் போய்..." அதற்குள் கடைமணி அடித்தது. அணிப் பையன்கள் யாரோ உள்ளே வந்த சத்தம். ரூப்பெர்ட்டின் குரல் ஒரேயடியாக மாறியது. "எனக்கென்னய்யா தெரியும் துணியப் பத்தி? போய்ப் பொம்பளைங்களக் கேளு!" போன் வைக்கப்பட்டது.

எகோன் பெருமூச்சு விட்டார். ஜெர்ஸிகள் நிலவறையிலேயே தொங்கின. காயவில்லை. காலையில் ஈரத்தோடு இஸ்திரி போட்டார். கிளப் சின்னம் ஒன்று இஸ்திரிப் பெட்டியில் ஒட்டி, அடுத்த ஜெர்ஸியின் முழங்கையில் போய் இறங்கியது. அதைச் சுரண்டப் போய் முழங்கையில் ஓட்டை விழுந்தது. அதோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரு கூடையில் அள்ளிப்போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டார்.

சனிக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. கேன்டீன் முன்னால் பெண்கள் கேக் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் அணி வேடிக்கை பார்க்க வந்து வேலியில் சாய்ந்திருந்தது. பெண்கள் அணியினர் கோட்டைப் போர்த்திக்கொண்டு ஜெர்ஸிக்குக் காத்திருந்தார்கள். எகோன் கூரை நிழலில் ஒளிந்துகொண்டு துணிக்கொடி கட்டி ஜெர்ஸிகளைத் தொங்கவிடும்போதே ராக்ன்ஹில்ட் அம்மாள் வந்துவிட்டார். கூடவே அயர்லாந்திலிருந்து வந்த டெக்லன், கழுத்தில் கேமராவோடு.

இருவரும் கொடி முன்னால் நின்றார்கள். பச்சைக் கறை, உரிந்த எண், முழங்கை ஓட்டை. காற்றில் வினிகர் வாசனை.

எகோன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அற்புதம்!" என்றார் டெக்லன். "பாத்தீங்களா? பொம்பளைங்க கை இதுல பட்டிருக்கவே முடியாது. எங்கம்மா மேல சத்தியமா, இது ஆம்பளை துவைச்சதுதான்!" படபடவென்று படமெடுத்தார்.

ராக்ன்ஹில்டும் சிரித்தார். "எவ்வளவோ கிளப்புகளில் ஆண்கள் துவைக்கிறார்கள் என்று கதை விடுவார்கள். நீங்கள் நிரூபித்தே விட்டீர்கள்."

பிழைத்தோம் என்று எகோனுக்கு உடம்பெல்லாம் லேசானது. வேலியோரம் ரூப்பெர்ட் மட்டும் அந்த ஜெர்ஸிகளைப் பார்த்து முகம் வெளிறி நின்றான். அவன் சிரிப்பை அடக்குகிறான் என்று எகோன் நினைத்துக்கொண்டார்.

ராக்ன்ஹில்ட் ரோயாவின் பக்கம் திரும்பினார். "சொல்லம்மா, உங்கள் ஜெர்ஸியை எப்போதும் ஆண்கள்தானே துவைக்கிறார்கள்?"

ரோயா கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எகோனைப் பார்த்தாள், லியோனியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. காது வரை சிவந்துபோயிற்று. அந்த முகத்தைப் பார்க்க எகோனுக்குத் தாங்கவில்லை. இந்தப் பெண் தலைநிமிர்ந்து உடை மாற்ற ஒரு அறை வேண்டும் என்று கிளம்பி, கடைசியில் அவளையே தலைகுனிய வைத்துவிட்டோமே என்று அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அவளக் கேக்காதீங்கம்மா," என்றார். "நான் சொன்னது பொய். இதுதான் நான் வாழ்க்கையில முதல்முதலாத் துவைச்சது. அதான் இந்த லட்சணம். எங்க கிளப்புல ஒரு ஆம்பளையும் துவைச்சதில்ல. எல்லாம் எங்க வீட்டுப் பொம்பளைங்க இடுப்பொடியச் செய்யற வேலை. தப்பு என்னோடது. பிள்ளைங்கள அதுக்காகத் தண்டிக்காதீங்க."

ட்ராவ்டி கேக் தட்டோடு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் பெருமையும் இருந்தது, கூடவே ஏதோ தர்மசங்கடமும் இருந்தது.

ராக்ன்ஹில்ட் மெல்லச் சொன்னார்: "வருத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு ஆண் ஒழுங்காகத் துவைத்து வந்திருந்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பேன். பொய்ச் சொல்லுக்கு அறை கட்டித் தர எனக்கு அதிகாரமில்லை."

லியோனி கையுறைகளைக் கழற்றினாள். ரோயா அவள் தோளில் கை போட்டாள்.

அந்த நேரம் வேலி ஆடியது. ரூப்பெர்ட் அதைத் தாண்டிக் குதித்து, கொடியை நோக்கிப் புயலாக வந்தான். எகோன் ஒதுங்கினார். ரூப்பெர்ட் ஒரு ஜெர்ஸியை உருவி, கறையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். அந்தப் பெரிய முகத்தில் கண்ணீர் வராத குறை.

"மேஜைத் துணியாய்யா இது? எப்படி வச்சிருந்த ஜெர்ஸி! பூசணி எண்ணெயத் துவைக்கவே வேணாம்யா! வெயில்ல விரிச்சுப் போட்டா தானா மறைஞ்சு போயிடும். இது தெரியாம நிழல்ல கொண்டு வந்து தொங்கவிட்டிருக்கான் பாரு! எண்ணு ஒட்டினத உள்பக்கமாத் திருப்பி முப்பதுலதான் போடணும், எத்தன தடவ..." சொல்லிக்கொண்டே வந்தவன், எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நிறுத்தினான்.

"இதெல்லாம் உனக்கெப்படிடா தெரியும்?" என்றார் எகோன்.

ரூப்பெர்ட் ஜெர்ஸியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். வேலியில் சாய்ந்திருந்த தன் அணியைப் பார்த்தான். கேக் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். ட்ராவ்டி கேக்கை மறுபடி வெட்டத் தொடங்கினாள், ஏற்கெனவே வெட்டிய கேக்கை.

கடைசியில் ஹெர்மினெதான் பொறுமை இழந்து கத்தியைக் கீழே வைத்தாள்.

"அட, சொல்லித் தொலையேன் ரூப்பெர்ட்! இந்த ஊர்ல எந்தப் பொம்பளை இதுவரைக்கும் ஒரு ஜெர்ஸியத் துவைச்சிருக்கா? திங்கக்கிழமையானா யாரையும் கிட்ட விடாம, கதவச் சாத்திக்கிட்டு இந்த ஆள்தான் அத்தனையும் துவைக்கிறாரு. நாங்க பாட்டுக்கு சமையலறையில உக்காந்து சீட்டாடிட்டு வர்றோம்!"