இருபத்திரண்டு கிலோ வெளிச்சம்

"இதைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலுமோ?" என்று மூத்ததம்பி கேட்டார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஜெனரேற்றர் படத்தைக் குடையின் நுனியால் தொட்டுக் காட்டினார்.

ஆதம்பாவா முப்பது வருடமாகத் திருகோணமலையில் கடை நடத்துகிறவர். எவ்வளவு பெற்றோல் குடிக்கும், எத்தனை பல்ப் எரியும் என்று ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வி அவர் காதில் விழுந்ததில்லை.

"மெசின் தானா ஓடும், சேர். நீங்க ஏன் ஓடணும்?"

"பகிடி விடாதேயும். நாளைக்குப் பிரச்சினை எண்டால் வீட்டை விட்டிட்டு முகாமுக்கு ஓடவேணும். வீட்டில கரண்டை வெட்டினாலும் இது உதவ வேணும், முகாமில போயிருந்தாலும் உதவ வேணும். ரெண்டுக்கும் ஒரே மெசின். அதுதான் நிபந்தனை."

மழை பொய்த்த வருடம் அது. நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்சாரத்தை வெட்டினார்கள். சண்டை மட்டும் வெட்டில்லாமல் நடந்தது.

மூத்ததம்பி துறைமுகக் களஞ்சியத்தில் தலைமை எழுதுவினைஞர். மூன்று பிரதியில் படிவம் நிரப்பாமல் அங்கிருந்து ஓர் ஆணிகூட வெளியே போகாது. அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கறை. தொண்ணூறாம் ஆண்டு ஒரு பின்னேரம், தான் குடியிருந்த ஒழுங்கைச் சனத்தைக் கூட்டி, "நான் விசாரிச்சனான். ஒண்டும் நடக்காது. பயப்படாமல் போய்ப் படுங்கோ" என்று அறிவித்தார். அன்றிரவே சண்டை வந்தது. படுத்தவர்கள் எழும்பி ஓடியபோது முன்னால் ஓடியவர் அவர்தான்.

அதன்பிறகு மூன்று மாதம் பள்ளிக்கூட அகதி முகாமில். அங்கே வெளிச்சம் தந்தது அதே ஒழுங்கைத் தங்கத்துரையின் பெற்றோமாக்ஸ் விளக்கு. அந்த வெளிச்சத்திலேயே தங்கத்துரை ஒழுங்கை நலன்புரிச் சங்கத்துக்குத் தலைவரானார். ஆறு வருடமாக அவரை அசைக்க முடியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தேர்தல். அதற்குள் கையில் ஒரு மெசின் இருந்தால் கதை வேறு.

ஆகவே மூத்ததம்பி இரண்டு மாதமாக ஒரு மெசினைத் தெரிவு செய்துகொண்டிருந்தார். அதற்கென்று ஒரு கொப்பியும் வைத்திருந்தார்.

முதலில் பார்த்தது பெரிய ஜெனரேற்றர். லைற், ஃபேன், ரீவி எல்லாம் ஓடும். தூக்க நான்கு பேர் வேண்டும்.

"நாலு பேர் தூக்கிக்கொண்டு போறதெண்டால், அதுக்கு முன்னால பறை மேளமும் பிடிக்க வேணும்" என்றாள் மனைவி ஞானமணி. பெரியது பட்டியலிலிருந்து விழுந்தது.

அடுத்தது லொறி பற்றரி. சத்தமில்லை, புகையில்லை. ஆனால் பற்றரியும் கையுமாக ஒருவர் போனால் ஒவ்வொரு காவலரணிலும் அது எதற்கு என்று விளக்கம் சொல்ல வேண்டும். "நான் விளக்கம் சொல்லி முடிய சண்டையும் முடிஞ்சிடும்" என்று மூத்ததம்பியே அதை வெட்டினார்.

மிஞ்சியது யப்பான்காரனின் சின்ன ஜெனரேற்றர். இருபத்திரண்டு கிலோ. கொப்பியில் அதற்கு எதிரே "ஓடிப் பார்க்கப்பட வேண்டும்" என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

"காசு தரமுதல் ஒருக்கா ஓடிப் பாக்க வேணும், ஆதம்பாவா."

ஆதம்பாவா தலையைச் சொறிந்தார். "மெசினைத் தந்து ஓட விட ஏலாது, சேர்."

"எனக்கு மெசின் தேவையில்லை காணும். பாரம்தான் தேவை."

ஆதம்பாவாவின் முகம் தெளிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். பெட்டி நாலு பக்கமும் ஒட்டி, கயிறு கட்டி, முடிச்சில் அரக்கும் வைத்திருந்தது.

"கொண்டு போங்க. அரக்கை மட்டும் உடைக்கப்படாது. உடைச்சா வாங்கினதாத்தான் அர்த்தம்."

இவ்வளவு ஒழுங்கான வியாபாரியை மூத்ததம்பி கண்டதில்லை.

சனிக்கிழமை பின்னேரம் ஒத்திகை. ஓட்டம் மெய்யான ஓட்டம் போலவே இருக்க வேண்டும் என்பதற்காகக் காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் அடங்கிய பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சாரத்தை மடித்துக் கட்டினார். பெட்டியைத் தோளில் ஏற்றினார்.

ஞானமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "முடிவாயிட்டுதோ?"

"இது கடைசிப் பரீட்சை."

"வரேக்க கறிவேப்பிலை கொண்டு வாங்கோ. ஓம், விறகுக் கொட்டிலுக்குள்ள போயிடாதேங்கோ. பாம்பொண்டு நிக்குது."

கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு விறகும் எடுக்காத மூத்ததம்பி, அந்தப் பக்கமே போவதில்லை என்று ஒரு கிழமைக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். ஓடினார்.

கிணற்றடியில் நின்ற அயல்வீட்டுச் சிவகாமிப்பிள்ளை கண்டது இதுதான்: துறைமுகத்தில் வேலை செய்கிறவர், அதிகாரிகளோடு பழகுகிறவர், தோளில் பெட்டியும் கழுத்தில் உறுதிப் பையுமாகப் பள்ளிக்கூடப் பக்கம் ஓடுகிறார். அவள் வாளியைக் கிணற்றுக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடினாள்.

ஏன் ஓடுகிறீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டு நின்றவர்கள்தான் தொண்ணூறில் பிந்தினவர்கள்.

பாதி வழியில் மூத்ததம்பிக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. திரும்பினார். ஒழுங்கை முழுவதும் வந்துகொண்டிருந்தது. தையல் மெசினோடு ஒருவர், கோழிகளோடு ஒருத்தி, பெற்றோமாக்ஸோடு தங்கத்துரை.

"என்ன நடந்தது?" என்று மூத்ததம்பி கத்தினார்.

"நிண்டு கதையாதேயும் காணும், ஓடும்!" என்றார் தங்கத்துரை.

மூத்ததம்பி பெட்டியை இறுக்கிப் பிடித்தார். ஒத்திகை அந்த இடத்தில் முடிந்தது. முதல் பாதிக்கு நாலரை நிமிடம் எடுத்தவர், மிச்சப் பாதியை ஒன்றரை நிமிடத்தில் முடித்தார்.

பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு மூலை பிடித்து மூச்சு வாங்கிய பிறகு, சிவகாமிப்பிள்ளை அவரிடம் வந்தாள்.

"தம்பி, நீங்கள் ஓடினதைக் கண்டுதான் நாங்கள் எல்லாரும் ஓடி வந்தனாங்கள். நல்லாயிருப்பீங்கள். உங்களுக்கு ஆர் சொன்னது?"

மூத்ததம்பிக்கு எல்லாம் விளங்கியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். நாற்பது பேர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருடமாக அந்த வாயை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"அது... சொல்ல ஏலாத இடத்துத் தகவல்" என்றார்.

"எத்தினை மணிக்குத் துவங்குமாம்?"

தகவல் இருந்தால் நேரமும் இருக்கத்தானே வேண்டும். "எட்டு மணிபோல."

தங்கத்துரையின் பெற்றோமாக்ஸ் ஓடி வந்ததில் மேன்டில் திரி சாம்பலாகி, கண்ணாடியும் உடைந்திருந்தது. அவர் அதைக் கீழே வைத்தார். "இந்த முறை நான் விலகிறன். தலைவர் மூத்ததம்பிதான்" என்றார். கைதட்டினார்கள்.

சந்திக் காவலரணில் நின்ற சிங்களப் பொலிஸ் சார்ஜன்ட்டுக்கும் அந்தக் கைதட்டல் கேட்டது. வந்தார். விசாரித்தார். அவருடைய முகம் வெளிறியது.

"எட்டு மணிக்குச் சண்டையா? எனக்கே தெரியாது! யார் சொன்னது?"

நாற்பது விரல்கள் மூத்ததம்பியைக் காட்டின. சற்று முன் கைதட்டிய விரல்கள்தான்.

"மாத்தையா, எங்க இருந்து தகவல்?"

சொல்ல ஏலாத இடம் என்று சார்ஜன்ட்டிடம் சொன்னால், சொல்ல வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

"தகவல் ஒண்டும் இல்லை, ஐயா. நான் சும்மா பாரம் பாக்க ஓடினனான்."

"பாரமா? என்ன பாரம்?"

"ஜெனரேற்றர், ஐயா. இந்தா, இந்தப் பெட்டிக்குள்ள."

"தொறங்க."

மின்சாரம் வெட்டிய நேரம். பொழுதும் பட்டுவிட்டது. மூத்ததம்பிக்குத் திடீரென்று தைரியம் வந்தது. மெசின் ஓடி லைற் எரிந்தால் எல்லாம் சரியாகிவிடும். வெளிச்சம் தந்தவரைச் சனம் மன்னிக்கும். தங்கத்துரையே சாட்சி.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. யப்பான் சாமான்" என்று சொல்லி அரக்கை உடைத்தார்.

சார்ஜன்ட் ரோர்ச் அடித்தார். பழைய பேப்பரில் பக்குவமாகச் சுற்றிய எட்டுச் செங்கல் உள்ளே இருந்தது.

சார்ஜன்ட் செங்கலைப் பார்த்தார். மூத்ததம்பியைப் பார்த்தார். துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "செங்கல் தூக்கிக்கொண்டு ஓடினது?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டார், சுகமில்லாதவரிடம் கேட்பதுபோல.

"ஒவ்வொண்டாய்க் கொளுத்தும், தலைவர்!" என்றார் தங்கத்துரை. "விடியும்வரைக்கும் போதும்."

பள்ளிக்கூடமே சிரித்தது. சார்ஜன்ட்டும் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவே விறாந்தையில் நின்ற சிவகாமிப்பிள்ளை சத்தம் போட்டாள்.

"அங்க பாருங்கோ! எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டில லைற் எரியுது!"

எல்லோரும் விறாந்தைக்கு ஓடினார்கள். ஊர் முழுக்க இருட்டு. அந்த இருட்டின் நடுவே ஒரே ஒரு யன்னல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. காற்று இந்தப் பக்கம் அடித்தபோது "டுர்ர்ர்" என்ற சத்தமும் வந்தது.

மூத்ததம்பிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என்ர மெசின்! எனக்குச் செங்கலைத் தந்திட்டு வேற ஆருக்கோ வித்துப்போட்டான்!"

சரியாக அந்த நேரத்தில், ஒழுங்கை ஓடிய கதையைக் கேள்விப்பட்டு, ஆதம்பாவா சைக்கிளில் வந்து இறங்கினார். மூத்ததம்பி பாய்ந்து ஹாண்டிலைப் பிடித்தார்.

"சொல்லும் காணும்! ஆருக்கு வித்தனீர்?"

ஆதம்பாவா உடைந்த அரக்கைப் பார்த்தார், செங்கலைப் பார்த்தார், கூடி நின்ற சனத்தையும் பார்த்தார்.

"உங்கட வீட்டுக்குத்தான், சேர். ஞானமணி அக்கா போன கிழமையே வாங்கி விறகுக் கொட்டிலுக்குள்ள வச்சிருக்கா. நீங்க தெரிஞ்செடுத்து முடியிற வரைக்கும் சொல்ல வேணாம் எண்டு சொல்லியிருக்கா."