கிடங்கில் சொன்னவை

கண்ணைப் பறிக்கும் மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு, வயிற்றை எக்கியபடி கண்ணாடி முன் நின்ற வாடிக்கையாளர் கேட்டார்:

"எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்க."

விற்பனையாளர் கண்ணுக்குப் பூசணிக்காய்க்கு உறை போட்ட மாதிரி இருந்தது.

"சூப்பர் சார்! உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

கோட்டு விற்றுப்போனது. இந்த ஒரு வார்த்தையை வைத்தே பல வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்ததால், அந்தத் துணிக்கடையில் அவருக்குப் பெயரே 'சூப்பர்' என்று ஆகியிருந்தது. முகத்துக்கு நேரே ஒருவரைக் குறை சொல்ல அவருக்கு நாக்கு எழாது. ஆனால் விழுங்கிய வார்த்தை செரிக்கவும் செரிக்காது. நெஞ்சைக் கரிக்கும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் நிலவறைக் கிடங்குக்கு இறங்கிப்போய், அங்கே ஒதுக்கிப் போட்டிருந்த பழைய துணிக்கடைப் பொம்மைகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அவை மொட்டைத் தலையோடு கேட்டுக்கொண்டிருக்கும். ஏப்பம் ஒன்று வரும். மேலே வந்துவிடுவார். அன்றும் பூசணிக்காயை அங்கேதான் கொட்டினார்.

அன்று சாயங்காலமே கோட்டு திரும்பி வந்தது.

"யாரைய்யா பூசணிக்காய்?"

சூப்பர் கோட்டைக் கையில் வாங்கினார். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார்!"

"உங்க கடையிலேர்ந்துதான் போன் வந்துச்சு. 'சார், அவரு சொல்லக் கூச்சப்படறாரு, அதான் நான் சொல்றேன்'னு. ரொம்ப மரியாதையாத்தான் பேசினான். அதுதான் இன்னும் வயித்தெரிச்சல்!"

கிடங்கில் யாரோ ஒளிந்துகொண்டு ஒட்டுக் கேட்கிறார்கள் என்று முடிவு செய்தார் சூப்பர். மறுநாள் அலமாரி, அட்டைப்பெட்டி ஒன்று விடாமல் துழாவினார். ஈ காக்கை இல்லை. கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டு, குரலைத் தணித்து, மனைவியின் விஷயத்தை மட்டும் சொன்னார். முந்தின நாள் அவள் முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்திருந்தாள். 'ராணி மாதிரி இருக்கே' என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

"பாதி உரிச்ச கோழி மாதிரி இருக்கா," என்றார் பொம்மைகளிடம், கிசுகிசுப்பாக.

வீட்டுக்குப் போனபோது மனைவி தட்டை ணங்கென்று வைத்தாள்.

"கோழிகிட்ட யாரும் சோறு போடச் சொல்ல முடியாது. நீங்களே போட்டுக்குங்க."

"யாரு... யாரு சொன்னா?"

"போன்ல ஒருத்தன். உங்களுக்கு எங்கேர்ந்து வந்தான் புதுத் தம்பி? 'அண்ணி, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்'னு ஆரம்பிச்சான்."

சூப்பருக்குத் தம்பி கிடையாது.

அன்றிரவு அவர் கண்ணை மூடவில்லை. காலையில் கடை திறந்ததும் கிடங்குக்கு ஓடி, மூலையில் கிடந்த பழைய தொலைபேசியின் கம்பியைப் பிடுங்கி எறிந்தார். பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரைப் பார்த்து நிறுத்தினார். ஒன்று மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தது. ராத்திரி தூங்காத அசதி என்று நினைத்துக்கொண்டார்.

மேலே முதலாளி காத்திருந்தார்.

"வாய்யா. என் மாப்பிள்ளையவே இந்தக் கடைக்கு மேனேஜராப் போடலாம்னு இருக்கேன். நீ என்ன நினைக்கிறே?"

மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து, தன் சட்டையின் மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் மாட்டிய நிலையில் புன்னகைத்தார்.

"சூப்பர் முடிவு முதலாளி!"

இந்த முறை கிடங்குக்கே போகக் கூடாது என்று சபதம் எடுத்தார். பதினோரு மணிக்கு நெஞ்சு கரித்தது. பன்னிரண்டுக்கு விக்கல். ஒரு மணிக்கு, பொம்மைகள் வைத்தது வைத்தபடி இருக்கின்றனவா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று கீழே இறங்கினார்.

விளக்கைப் போட்டார். பொம்மைகள் எல்லாம் கதவைப் பார்த்து நின்றன.

"மாப்பிள்ளை ஒரு மரமண்டை! முதலாளிக்கு மூளை மழுங்கிப்போச்சு! இந்தக் கடை ஆறு மாசம் தாங்காது!"

பயத்தில் அவர் வாய் தானாகக் கொட்டிவிட்டது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். விக்கல் நின்றுவிட்டிருந்தது. அறை அத்தனை நிசப்தம். அந்த நிசப்தத்தில் யாரோ மெதுவாக மூச்சை இழுத்துவிடுவது போலக் கேட்டது. தன் மூச்சுதான் என்று நம்ப ஆசைப்பட்டார். ஆனால் அவர் அப்போது மூச்சே விடவில்லை.

தலைதெறிக்கத் தெருவுக்கு ஓடினார். பழைய சாமான் வாங்குகிறவர் வண்டியோடு எதிரே வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, கிடங்குல நாலு பொம்மை நிக்குது. சும்மாவே எடுத்துட்டுப் போங்க. இப்பவே!"

"சும்மாவா? பார்த்தா நல்ல மனுசனாத் தெரியறீங்க சார்."

சூப்பர் திரும்ப உள்ளே போகவில்லை. வண்டியைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். ஒரு பொம்மை வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்தது. ஒவ்வொன்றையும் கட்டும்போது அவர் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இனி வாயைத் திறப்பதில்லை, கரித்தால் மாத்திரை போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார்.

வண்டிக்காரர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"அண்ணே, நில்லுங்க! இன்னும் ஒண்ணு இருக்கே?"

"பொம்மை மூணுதானே சார்? கூட நின்னுட்டிருந்தவரு, உங்களால சொல்ல முடியாததை முதலாளிகிட்ட அவரே நேர்ல சொல்லிட்டு வந்துடறேன்னு மேலே போயிட்டாரே!"