சுத்தத் தண்ணீரில் ஈயம்

காய்ச்சி வடித்த தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று கருவியின் திரை சாதித்தது.

சுத்தத் தண்ணீர் என்றால் திரையில் கோடு தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். இதில் குட்டியாக ஒரு மேடு. ஆராய்ச்சி மாணவி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கார்பன் நானோ குழாய் பூசிய இந்த மின்முனைதான் அவளுடைய முனைவர் பட்டம். தண்ணீரில் துளியூண்டு ஈயம் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். நாளைக்குத் தேர்வாளர் நேரிலேயே பார்க்கப் போகிறார். பட்டம் வந்தால்தான் வேலை.

"சார், காலைல நீங்க ஊத்தி வெச்ச வெறும் தண்ணிலயே ஈயம் காட்டுது."

பேராசிரியர் தலையைக் கோதிக்கொண்டே வந்தார். "பதறாதம்மா, நான் எதுக்கு இருக்கேன்? குடுவை அழுக்கா இருக்கும், குடு." தானே அமிலத்தில் அலசிக் கொடுத்தார்.

மேடு இரண்டு மடங்கானது.

"அப்ப தண்ணிதான்." புதுப் புட்டியைத் திறந்து அவரே ஊற்றினார்.

மேடு மலையானது.

"நீங்க உக்காருங்க சார், நானே பண்றேன்."

"நீ சின்னப் பொண்ணு. அனுபவம் பேசும், பாரு." கையுறையை மாட்டிக்கொண்டு, யோசனையாக இன்னொரு தரம் தலையைக் கோதிவிட்டு, மின்முனையைத் துடைத்து முக்கினார். அனுபவம் பேசியது. கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது.

அலுத்துப்போய் அவர் டீ குடிக்கப் போனார். எல்லாவற்றையும் கழுவி அவள் மறுபடி வைத்தாள். கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

"சார், சரியாயிடுச்சு!"

"எங்க, தள்ளு பாப்போம்." புதுக் கையுறை மாட்டி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, மின்முனையைத் தொட்டார். மறுபடி மலை.

சாரோட கைராசியே சரியில்லை என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"நேரத்துக்கு ஒண்ணு காட்டுதேம்மா. இதை நம்பி எப்படித் தேர்வாளரைக் கூப்பிடறது? உன் மின்முனை கோளாறு. ஆறு மாசம் தள்ளிப் போட்டுடலாம்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேசை மேல் இருந்த அவருடைய போன் அடித்தது.

"வீட்லதான். கைல உறை இருக்கு, ஸ்பீக்கர்ல போடும்மா."

போட்டாள்.

"ஏங்க, கையை நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடுங்க. தினமும் தலைக்குத் தடவுறீங்களே கறுப்புச் சாயம், அதுல ஈயம் இருக்காம். இப்பதான் பாட்டில்ல பார்த்தேன்!"