கேபிள் அக்கா போட்ட சர்வர்

திண்டிவனத்திலேயே கம்ப்யூட்டரைத் திட்டித் திட்டி வேலை செய்ய வைத்தவர் எங்கள் கேபிள் அக்கா ஒருவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வீடு கட்ட பிளான் வரைந்து கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. இன்ஜினியர் சார், பிளான் வரைய நானும் இன்னும் இரண்டு பேரும், கணக்குப் பார்க்க அக்கா. வரைந்ததெல்லாம் பென் டிரைவில்தான் மேஜைக்கு மேஜை போகும். 'பைனல்', 'புது பைனல்', 'இதுதான் நிஜமான பைனல்' என்று ஒரே வீட்டுக்குப் பல பிளான்கள் உலவும். அப்படித்தான் வளவனூர் வீடு ஒன்றுக்குப் பாதியில் நின்ற பழைய பிளான் போய்விட்டது. கொத்தனார் சமையலறைச் சுவரை எழுப்பிய பிறகுதான் அதற்கு வாசலே இல்லை என்று தெரிந்தது.

வீட்டுக்காரர் நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "என் பொண்டாட்டி எப்டிங்க உள்ள போவா? கூரையப் பிரிச்சிக்கினா?"

சார் அவரை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி அனுப்பினார். வீட்டுக்காரர் போனதும் அக்கா எழுந்தார்.

"சார், இனிமே பென் டிரைவே வேணாங்க. ஒரு சர்வர் போட்ரலாம்."

"டீ வாங்கியாரதுக்கு எதுக்கும்மா தனியா ஒரு ஆளு?"

"ஆளு இல்லீங்க சார்! மூலைல ஒரு பழைய கம்ப்யூட்டர் தூங்கிக்கினு கீதே, அதத்தான் சொல்றேன். பிளானெல்லாம் அதுல மட்டுந்தான் இருக்கணும். யாரு வரைஞ்சாலும் அங்கேர்ந்து எடுக்கணும், அங்கயே வெக்கணும்."

வேலை தெரிந்தவர்களை அழைத்துச் செய்யலாம் என்றோம். அக்கா காதில் வாங்கவில்லை. வீடியோ பார்த்து தானே கற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து கணக்கு ஓய்ந்தது, கேபிள் ஆரம்பித்தது. கேபிளுக்குள் இருக்கும் சன்னக் கம்பிகளை நிற வரிசை தவறாமல் கிளிப்பில் செருக வேண்டும். "வெள்ள ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளப் பச்ச, நீலம்..." என்று அக்கா மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். பிளான் கேட்டு வந்த ஓர் அம்மாள், "கல்யாணத்துக்குப் பொடவ எடுக்கறீங்களா?" என்று ஆவலாக விசாரித்தார்.

அடுத்த சிக்கல், கேபிளைப் பொய்க்கூரைக்கு மேலே இழுப்பது. அக்கா விழுப்புரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில்தான் வருவார். கேட்டால், "பஸ்ஸுன்னா அது வர்ற டைமுக்கு நான் போவணும். வண்டின்னா நான் போற டைமுக்கு ரோடு வரும்" என்பார். அன்று முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு, ஈட்டியோடு போருக்குப் போகும் படைத்தலைவி போல நெடுஞ்சாலையில் வந்து இறங்கினார். பெரிய லாரிகளெல்லாம் ஒதுங்கி வழிவிட்டதாக அவரே சொன்னார். தொரட்டி நுனியில் கேபிளைக் கட்டி, மேலே செருகி, மறுமுனையை என் தலைக்கு மேல் வெளியே எடுத்தார். கூடவே ஓர் எலிக்கூடும் என் தலையில் இறங்கியது.

சர்வரை யாரும் தொட்டுவிடக் கூடாதென்று இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். மத்தியானத்துக்குள் அது நின்றுபோனது. கதவைத் திறந்தால், இட்லிப் பானையைத் திறந்ததுபோல அனல்.

"வேர்க்குதுன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?" என்று சர்வரைத்தான் திட்டினார். பிறகு பீரோவின் கதவுகளையே கழற்றிவிட்டார்.

ஆளுக்கொரு பாஸ்வேர்டும் அவரே வைத்தார். எனக்கு 'சீக்கிரம் வா'. சாருக்கு 'கோபம் வேண்டாம்'. தினமும் காலையில் சார் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தட்டுவார்.

"ஏம்மா, இத மாத்தக் கூடாதா?"

"மாத்தலாம் சார். மொதல்ல கோவம் போவட்டும்."

ஆனால் ஒன்று. அதன்பின் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒரே பிளான்தான் இருந்தது. எந்தச் சமையலறையும் வாசலை இழக்கவில்லை.

அந்த வருஷ மழையில் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. செய்தி கேட்டு நாங்கள் அடித்துப் பிடித்துப் போனபோது, அலுவலகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அக்கா எங்களுக்கு முன்பே வந்து, மேஜைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சர்வர் பத்திரமாகப் பரண்மேல் இருந்தது, அக்காவின் ரெயின்கோட்டைப் போர்த்திக்கொண்டு. அக்கா தொப்பலாக நனைந்திருந்தார். வெளியே பள்ளமான தெருவில் அவருடைய ஸ்கூட்டியின் இரண்டு கண்ணாடிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

"அக்கா, வண்டிய மொதல்ல மேட்டுல ஏத்தியிருக்கலாமே?" என்றேன்.

"ரெண்டுல ஒண்ணத்தான் தூக்க முடிஞ்சிது தம்பி. வண்டி போனா எனக்கு மட்டுந்தான் பேஜாரு. இதுக்குள்ள எத்தினி பேரு வூடு கீது, தெரியுமா?"

சார் மேஜைமேல் இருந்த துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

சாயங்காலம் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் அக்காவைப் பஸ் ஏற்றிவிட நாங்கள் எல்லோரும் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குள் விழுப்புரம் பஸ் நுழையும்போதே கூட்டம் பாய்ந்தது. நாங்கள் திகைத்து நிற்கையில், யாரிடமும் குனிந்து பழக்கமில்லாத எங்கள் சார், சேற்றில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸோடு கூடவே ஓடினார். எம்பி, தன் கைக்குட்டையை உள்ளே வீசி இடம் பிடித்தார்.

ஜன்னலோர சீட்.