நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை

ஈரப்பத மீட்டர் நாற்பத்தைந்து என்றது. எழுபது வேண்டும்.

ஸ்ரீராம் தெர்மாகோல் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஒன்பது முட்டைகள், ஒரு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். சூட்டைத் தெர்மாஸ்டாட் பார்த்துக்கொண்டது. ஈரம்தான் ஏறவில்லை.

“ஈரம் பத்தலைன்னா உள்தோல் காஞ்சு ஒட்டிக்கிருமாம். குஞ்சு வெளிய வர முடியாம செத்துரும்.”

“பதினெட்டு நாளு கோழி பேசாம அடை கெடந்துச்சு. செல்லுல லைட்டடிச்சுப் பாக்கச் சொன்னது யாரு?” என்றாள் மனைவி யுவராணி.

காலையில் அவன்தான் அப்படிப் பார்த்தான். கோழி கொத்திவிட்டு அடுத்த வீட்டு ஓட்டின் மேல் ஏறியது. பிறகு கூடைப் பக்கமே வரவில்லை.

“எங்கம்மா குடுத்த கோழிங்க. ஒத்தக் குஞ்சாச்சும் வரணும். இல்லைன்னா அடுத்த அடைக்கு நீங்கதான் உக்காரணும்.”

கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தாம்பாளம் நிறையத் தண்ணீர் வைத்தான். நாற்பத்தைந்து. பெட்டியைச் சுற்றி ஈரத் துண்டு போட்டான். நாற்பத்தைந்து.

அறைக் காற்றே காய்ந்து கிடக்கிறது என்று தோன்றியது. ஜன்னல்களைச் சாத்தி ஏர்கூலரை ஓடவிட்டான். வெளியே சின்னாளபட்டியில் சித்திரை. அறைக்குள் ஐப்பசி. மூலையில், மதுரைக் கடைக்குப் போக வேண்டிய பன்னிரண்டு சுங்குடிச் சேலைகள், கஞ்சி போட்டு மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

மறுநாள் காலை யுவராணி ஒரு சேலையைத் தூக்கினாள். அது வெந்த கீரை மாதிரி தொங்கியது.

“என்னங்க இது? மொடமொடன்னு இருந்துச்சே!”

“மீட்டர் ஏறலையே, யுவி.”

“செவுரு வேர்க்குது. தீக்குச்சி பத்த மாட்டேங்குது. இம்புட்டுக்கும் ஈரம் பத்தலையா?”

“மீட்டர் பொய் சொல்லாது.”

“அப்ப நான் சொல்றேனா?”

அவன் யோசித்தான். இட்லிப் பானையைக் கொண்டுவந்து, கொதிக்கக் கொதிக்க மூடியைத் திறந்து வைத்தான்.

நாற்பத்தைந்து.

இருபதாம் நாள் ஒரு முட்டையில் சிறு ஓட்டை விழுந்தது. உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். மதியத்துக்கு மேல் அதுவும் நின்றது.

யுவராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“காஞ்சு ஒட்டிக்கிருச்சோ?”

“தெரியல.”

எழுந்து போய்க் குடத்தோடு வந்தாள். “ஊத்துங்க. சேலைக்குத் திரும்பக் கஞ்சி போட்டுக்கிரலாம்.”

இருவரும் தரையெல்லாம் ஊற்றினார்கள்.

விடிந்தபோது பெட்டிக்குள் ஏழு குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. யுவராணி ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஸ்ரீராம் மீட்டரைப் பார்த்தான். நாற்பத்தைந்து. குழப்பம் தாங்காமல், அதை விற்ற செல்போன் கடை அப்துல் ஹாதியை வரச் சொன்னான்.

அறைக்குள் கால் வைத்ததும் ஹாதியின் மூக்குக்கண்ணாடியைப் பனி மூடியது. துடைத்தார். மறுபடி மூடியது.

“எழுபது இல்லாம எப்படி பாய் பொரிச்சுச்சு? மூணு நாளா நாப்பத்தஞ்சுலயே நிக்குது.”

ஹாதி மீட்டரைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் நகத்தை விட்டார். நாற்பத்தைந்து மெதுவாக உரிந்து அவர் விரலோடு வந்தது.

“தம்பி, இது மீட்டர் கண்ணாடிக்கு மேல மாதிரிக்கு ஒட்டி வர்ற ஸ்டிக்கரு. பேட்டரி இன்னும் டப்பாவுலதான் கெடக்கும்.”