கோட்டுக்கு ஓரடி வெளியே

எந்த மைதானமானாலும் வெள்ளைக் கோட்டுக்கு ஓரடி வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருப்பவன் எப்படி ஓட வேண்டும், எப்படி விழ வேண்டும், விழுந்தால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் இனம் உண்டு. இவர்களின் சப்பாத்தில் சேறு இருக்காது. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

1978இல் மெல்பேர்னை ஒட்டிய டண்டினொங்கில் இருந்த என்ஜினியர் அரியரத்தினம் இந்த இனத்தில் முதல் தரம். யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்காவின் ஒஹாயோவுக்குப் படிக்கப்போய், அந்த நாட்டுக் கால்பந்தை இரண்டு வருஷம் காலரியின் கடைசி வரிசையில் கோப்பி குடித்தபடி பார்த்தவர். கையால் தூக்கிக்கொண்டு ஓடுவதை அவர்கள் கால்பந்து என்கிறார்கள். அவர்களோடு யார் வாதாடுவது? பிறகு மெல்பேர்னுக்கு வந்தார். அங்கே பள்ளிக்கூடங்களில் படிப்பிக்க வந்திருந்த அமெரிக்க வாத்தியார்கள் சிலர், தொழிற்சாலைப் பையன்களையும் சேர்த்து ஒரு டீம் அமைத்திருந்தார்கள். ஒஹாயோ என்ற சொல் காதில் விழுந்ததும், தடுப்பு ஆட்டத்துக்கு இவரைக் கோச்சாக்கிவிட்டார்கள். விளையாடியிருக்கிறீரா என்று எவரும் கேட்கவில்லை. இவரும் தானாகச் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் பாடம் நடந்தது. முன்வரிசைக்காரன் எதிரிக்கு நேரே ஒரு கையை நிலத்தில் ஊன்றி, முழங்காலை மடித்து, அவனைவிடத் தாழ்ந்து நிற்க வேண்டும். பின்னால் நிற்கும் லைன்பேக்கர் பந்துக்காரனின் கண்ணைப் பார்க்கக்கூடாது. கண் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. எல்லாம் சரியான பாடம்தான். ஆட்டத்தின்போதும் அவர் ஓயவில்லை. லொறிச் சக்கரம் பூட்டும் கெவின் என்ற மலையைப் பார்த்து, "பதிஞ்சு நில், இன்னும் பதிஞ்சு நில்" என்று ஆங்கிலத்தில் கத்துவார். கோபம் முற்றினால் தமிழில் கத்துவார். வீட்டில் மனைவி விமலா தோசை திருப்பினாலும், முழங்காலை மடிக்கச் சொல்வார்.

அந்த வருஷத்துக் கடைசி மட்ச், துறைமுகத்துக்கு வந்திருந்த ஒரு கப்பலின் மாலுமிகளோடு. மழை. மூன்று புள்ளி முன்னால் நின்றது டண்டினொங். நேரம் முடிய ஒரே ஒரு மோதல்தான் மிச்சம். மாலுமிகளுக்கு எல்லைக்கோடு இரண்டு யார்ட் தூரம்; பந்தோடு அதைத் தாண்டினால் ஆறு புள்ளி. அந்த நேரம் பார்த்துக் கெவினுக்குக் கால் பிசகியது. மாற்றுக்கு ஆள் இல்லை. கெவின் நொண்டிக்கொண்டு வந்து, தன் ஹெல்மெட்டைக் கழற்றி அரியரத்தினத்திடம் நீட்டினான்.

"எப்படி நிற்க வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

அதை வாங்கி மாட்டிக்கொண்டார். உள்ளே போனார். கையை ஊன்றினார், முழங்காலை மடித்தார், எதிரே நின்ற மாலுமியைவிடத் தாழ்ந்தார். ஒஹாயோவில்கூட அப்படியொரு நிலையை எவரும் கண்டிருக்க மாட்டார்கள். பந்து அசைந்தது. பிறகு வானம் தெரிந்தது. அவர்மேல் ஒருவனும், அவன்மேல் பந்தோடு இன்னொருவனும் ஏறிப்போக, டண்டினொங் தோற்றது.

விமலா குடையோடு ஓடிவந்து சேற்றில் முழந்தாளிட்டாள்.

"வேண்டாம், வெளியில வாங்கோ எண்டு எத்தினை தரம் கத்தினனான். கேக்கேல்லையோ?"

"ஒண்டும் கேக்கேல்லை, விமலா. ஹெல்மெட்டுக்குள்ள மூச்சுச் சத்தம் மட்டும்தான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. படுத்தபடியே கெவினைக் கூப்பிட்டு, இரண்டு வருஷமாகத் தான் கத்தியதில் எவ்வளவு காதில் விழுந்தது என்று விசாரித்தார். கெவின் யோசித்துப் பார்த்தான். ஒரு சொல்லும் விழவில்லையாம். ஆனால் கோச் கையை ஆட்டுவது பார்க்க நன்றாக இருக்குமாம்.

விலா எலும்பில் இரண்டு முறிந்திருந்தன. ஆறு கிழமை கட்டிலில் கிடந்தார். பேச்சு வெகுவாகக் குறைந்தது. திருந்திவிட்டார் என்று விமலா நம்பினாள். அடுத்த சீசன் முதல் ஞாயிறு, அதே கோட்டுக்கு வெளியே வந்து நின்றார், கையில் ஒரு ஒலிபெருக்கியோடு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவு நேரமும், அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல உங்கள் நாக்குத் துடித்துக்கொண்டிருந்ததே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?